அத்தா என்றொரு ஃபோல்டர்

1

இதை இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வலது உள்ளங்கையில் ஏழு தையல். ஒரு வரியை முடிக்க ஒரு சாயா குடிக்கும் நேரம் ஆகிறது. அதனால் வர்ணனையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

நம் தெரு ஆண்டு மலருக்கு வருஷா வருஷம் என்னிடமும் கட்டுரை கேட்பார்கள். கனடாக்காரர் பனியைப் பற்றி எழுதுவார், துபாய்க்காரர் வெயிலைப் பற்றி எழுதுவார். நான் நழுவிவிடுவேன். செங்கோட்டையில் பஸ் ஏறி, ஆரியங்காவு கணவாய் தாண்டி, பொழுது சாய்வதற்குள் கொச்சியில் இறங்கிவிடலாம். கடலே தாண்டாதவனுக்கு என்ன புலம்பெயர் அனுபவம் என்பதுதான் என் சாக்கு.

சாக்குதான், உண்மையில்லை. இந்த மாதத்தோடு நான் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். புருவத்தில் ரத்தம் காயாமல் பஸ் ஏறியவன் நான். கதை உங்களுக்குத் தெரியும். அண்ணன் முருகேசன் என்னை அடித்துத் துரத்தினான் என்று பஸ் ஸ்டாண்டிலேயே நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். கனடாவில் இருப்பவர் நினைத்தாலும் உடனே ஊருக்கு வர முடியாது. நான் நினைத்தால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இருபத்திரண்டு வருஷம் வரவில்லை.

இந்த முறை நானாகவே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். மலர் நம் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும். அண்ணன் வீட்டுக்கும் போகும்.

2

நான் வேலை பார்ப்பது பஜார் ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில். கப்பலில் ஏறும் சரக்குகளுக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பது தொழில். கீழே கிட்டங்கி, மேலே ஆபீஸ். கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எல்லாமே என் பொறுப்பு. பெயர் சங்கரலிங்கம் என்றாலும் இங்கே எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. தமிழ்நாட்டுக்காரன் எவனையும் மலையாளிகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூடப் பிறந்தவனோடு பேசாத ஒருவனைத் தெருவே அண்ணாச்சி என்கிறது.

முதலாளிகள் ராவுத்தர்கள். மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டுப் பேச்சு தமிழ்தான், எழுதப் படிக்க மலையாளம். மூத்தவர் ஹனீபா, இளையவன் நவாஸ். இரண்டு பேருக்கும் சரிபாதி. ஆனால் முதலாளி என்று நாங்கள் கூப்பிடுவது ஹனீபாவை மட்டும். நவாஸ் வெறும் நவாஸ்.

அதற்கு ஒரு காரணம் ஹாஜர் புத்தகம் என்ற வருகைப் பதிவேடு. அவர்களுடைய அத்தா, அதாவது அப்பா, உயிரோடிருந்த காலத்தில் மகன்களும் மற்றவர்களோடு வரிசையில் நின்று அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார். அவர் இறந்த வாரமே ஹனீபா அதை நிறுத்திக்கொண்டார். நவாஸ் நிறுத்தவில்லை. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் ஒன்பதாவது வரியில் கையெழுத்துப் போடுவான். போட்டுவிட்டுத் தன் மேசையில் உட்கார்ந்து, சர்வரில் 'அத்தா' என்ற ஃபோல்டரைத் திறப்பான். அதில் கிழவரின் படங்கள், பழைய கடிதங்கள், பங்குப் பத்திரத்தின் நகல் எல்லாம் இருந்தன. ஒரு குரல் பதிவும் இருந்தது. எப்போதோ ஃபோனில் மகனைத் திட்டியது.

"எடா நவாஸே, மணி என்ன ஆச்சு? ஆபீஸ் தொறக்கலியா? சோறு மட்டும் நேரத்துக்கு வேணும் அல்லே?"

இதைத் தினமும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். ஆபீஸ் முழுக்கக் கேட்கும். எங்களுக்குக் காது பழகிவிட்டது. ஹனீபா மட்டும் அந்த நேரத்தில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

பழைய விண்டோஸ் சர்வருக்கு வயதாகிவிட்டது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதும் நின்றுவிட்டது. லினக்ஸுக்கு மாறிவிடலாம் என்று நான்தான் ஆறு மாதம் நச்சரித்துச் சம்மதம் வாங்கினேன். பழையதில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. யார் எதை வேண்டுமானாலும் திறக்கலாம். புதியதில் ஆளுக்கொரு பெயர், இரண்டு குழு: ஓனர், ஸ்டாஃப். ஸ்டாஃப் குழுவுக்குச் சில ஃபோல்டர்கள் திறக்காது.

"அத்தா ஃபோல்டரைக் கண்டவனும் தொறக்க வேண்டாம். பூட்டு" என்று ஹனீபா சொல்லியிருந்தார். நியாயம்தான் என்று ஓனர் குழுவுக்கு மட்டும் திறக்கும்படி பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாரும் இல்லை. பகல் முழுக்க ஃபைல்களை நகர்த்தினேன். ஆட்களின் பெயர்ப் பட்டியல் தேவைப்பட்டது. ஹாஜர் புத்தகத்தைவிட முழுமையான பட்டியல் எங்கே கிடைக்கும்? அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே தட்டினேன். எல்லோரும் ஸ்டாஃப். ஹனீபாவின் பெயர் புத்தகத்தில் இல்லாததால் அவரைத் தனியாக ஓனரில் சேர்த்தேன்.

ஒன்பதாவது வரியைத் தட்டும்போது என் விரல் ஒரு கணம்கூட நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் ஹனீபா வந்தார். பட்டியலைத் திரையில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பார்த்தார். "செரி" என்றார்.

3

திங்கள் காலை நவாஸ் கையெழுத்துப் போட்டான், உட்கார்ந்தான், ஃபோல்டரை அழுத்தினான். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினான். மூன்றாம் முறை மேசை அதிரும்படி மவுஸைக் குத்தினான்.

"அண்ணாச்சி! இது என்ன?"

நான் போய்ப் பார்த்தேன். அவனையும் ஸ்டாஃப் குழுவில் சேர்த்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'என் தப்பு, அரை நிமிஷத்தில் சரி செய்கிறேன்' என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் புது சர்வரின் முதல் நாளே தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. பூசி மெழுகினேன்.

"அது... ஓனருக்கு மட்டும்னு வச்சிருக்கு நவாஸ். முதலாளி சொன்னது."

இரண்டு வாக்கியமும் உண்மை. சேர்த்துச் சொன்னதுதான் பொய்.

அவன் முகம் வெளுத்துப் பிறகு கருத்தது. "ஓனரா? அப்ப ஞான் ஆரு?" என்றான் முதலில் மெதுவாக. பிறகு கத்தினான். "அத்தா அவனுக்கு மட்டும்தானா? எனக்கு அத்தா இல்லியா?"

தடதடவென்று கீழே ஓடினான். தொலைந்தது சனியன் என்று நான் மூச்சு விட்டேன். அடுத்த நிமிஷம் மேலே வந்தபோது கையில் மூட்டை இழுக்கும் கொக்கி இருந்தது. மரப்பிடி போட்ட இரும்புக் கொக்கி, முனை ஊசி மாதிரி இருக்கும். முதல் வீச்சில் திரை நொறுங்கியது. இரண்டாவது வீச்சில் சர்வர் பெட்டியைத் தட்டிலிருந்து இழுத்துத் தரையில் தள்ளினான். தள்ளிவிட்டு அதைக் காலடியில் போட்டு உதைத்தான். பெட்டியின் தகடு வாய் பிளந்தது. கண்ணாடித் தூள் எல்லோர் மேலும் தெறித்தது. ஆள் ஆளுக்கு மேசைக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

ஹனீபா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்னடா ஒச்ச வைக்கிற? என்ன சத்தம் இது? பைத்தியமா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

நவாஸ் கொக்கியைச் சுழற்றினான். ஹனீபாவின் நெற்றிக்கு மேல் தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் முட்டி போட்டு விழுந்தார். மறுபடி கை ஓங்கினான். அந்தக் கண்ணைப் பார்த்தேன். அது கொலை செய்யும் கண். எனக்குத் தெரியும், எனக்கே ஒரு நாள் அந்தக் கண் இருந்தது. பாய்ந்து கொக்கியைப் பிடித்தேன். பிடியைப் பிடிக்க நினைத்தேன், முனை கிடைத்தது. உள்ளங்கைக்குள் இறங்கி இழுத்தது.

என் சத்தத்தில்தான் அவன் நின்றான். கொக்கியைக் கீழே போட்டுவிட்டு உடைந்த கண்ணாடி மேல் உட்கார்ந்தான். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

4

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். அப்பாவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மாடியில் பதினொரு மெஷின். அப்பா இறந்த பிறகு நானும் அண்ணனும் நடத்தினோம். மெஷின்களைத் தூக்கிவிட்டு நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போடலாம் என்றேன். அண்ணன் மாட்டேன் என்றான்.

"அப்பா கைபட்ட மெஷினை வெளிய தூக்கிப் போடணும்னா முதல்ல என்னைத் தூக்கிப் போடுலே."

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். இப்போது குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் அண்ணன் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு மெஷினைத் தூக்கி மாடியிலிருந்து தெருவில் போட்டேன். தெருவில் ஆள் வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டாவதைத் தூக்கும்போது அண்ணன் வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் படிக்கட்டில் உருண்டோம். நான் புருவம் கிழிந்து வெளியே வந்தேன். அவன் வெளியே வரவேயில்லை. பார்த்தவர்கள் என் ரத்தத்தைப் பார்த்தார்கள். அடித்தவன் அண்ணன் என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் நம்பினீர்கள்.

5

அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டது. சாயங்காலம் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதும் ரைட்டர் எதிரே உட்கார்ந்தேன். பெயர் சொன்னேன், அப்பா பெயர் சொன்னேன்.

"ஸ்திரம் மேல்விலாசம்?" என்றார்.

நிரந்தர முகவரி. இருபத்திரண்டு வருஷம் ஒரே ஊரில் இருந்தும் இந்தக் கட்டம் வந்தால் பேனா செங்கோட்டைக்குத்தான் போகும். அந்த விலாசத்துக்கு நான் ஒரு கடிதம் போட்டது கிடையாது. ரேஷன் கார்டுக்கு இங்கே வில்லேஜ் ஆபீஸில் சொந்த ஊர்ச் சான்று கேட்டார்கள், அங்கே கேட்டால் நான் ஊரில் இல்லை என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று வருஷம் அலைந்திருக்கிறேன். அப்போதுகூட அண்ணனுக்கு ஒரு ஃபோன் போட்டால் அரை நாளில் முடிகிற வேலை என்று தெரிந்தும் போடவில்லை.

"ஆத்யம் தல்லியது ஆரா?" என்று ரைட்டர் கேட்டார். முதலில் அடித்தது யார்?

"நவாஸ் கம்ப்யூட்டரை அடிச்சான். முதலாளி நவாஸை அடிச்சாரு. அப்புறம் நவாஸ் கொக்கியால அடிச்சான்" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அவர் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். அதில் 'முன்வைராக்யம்' என்று ஒரு சொல் இருந்தது. பழைய பகையை மனதில் வைத்து, கொல்லும் நோக்கத்தோடு ஆயுதம் எடுத்து வந்தான் என்று வாக்கியம் போயிற்று. காரணமே இல்லாமல் ஒருவன் கொக்கியை எடுத்தால் போலீஸ்காரர் வேறு எப்படி எழுதுவார்? காரணத்தைச் சொல்ல வேண்டிய நான் எதிரே உட்கார்ந்து தையலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கம்பிக்குப் பின்னால் நவாஸ் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"கை நடுங்குது. நாளைக்கு வந்து ஒப்பு போடுறேன்" என்று சொல்லி எழுந்தேன். அந்த ஒரு கையெழுத்து விழுந்தால் அவன் பல வருஷம் உள்ளே போவான்.

6

என் மகள் மீனா காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் இங்கே வந்த மறு வருஷமே பிறந்தவள், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மலையாளம் சரளமாக எழுதுவாள், தமிழ் என்றால் கடைப் பெயர்ப்பலகையையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் கையைப் பார்த்து அழுதாள். பிறகு கம்ப்யூட்டர்க்காரிக்குரிய கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, லாக் உண்டா?"

உண்டு. சர்வரில் யார் எப்போது என்ன செய்தாலும் தானாக எழுதிக்கொள்ளும் பதிவு அது. பெட்டி நசுங்கினாலும் டிஸ்க் பிழைத்திருந்தது. நவாஸை ஸ்டாஃப் குழுவில் போட்டது யார், எத்தனை மணிக்கு என்று அதில் என் பெயரோடு ஒரு வரி இருந்தது.

"அது டெலீட் பண்ணா தீர்ந்தில்லே? அப்பா கையிலதானே எல்லா அதிகாரமும். ஆரு போய் நோக்கப் போறா? இல்லேன்னா அப்பாவோட வேலை போகும். கேஸ்ல பேரும் வரும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா மேல் உள்ள பாசம்தான். கோபம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். சுவரில் பட்டுக் குழம்பு வழிந்தது.

"ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான், நீ டெலீட் பண்ணச் சொல்லுத?"

அவள் பயப்படவில்லை. குழம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்பா எப்பவும் இப்படித்தானே. தட்டு, டம்ளர், கதவு. பெரியப்பாவும் இப்படியா? அவர்தானே அப்பாவை அடிச்சது?"

பெரியப்பாவை அவள் பார்த்ததே இல்லை. என் புருவத்துத் தழும்பு மூலமாகத்தான் தெரியும். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்து, "இவிடயா பெரியப்பா அடிச்சது?" என்று கேட்பாள். நான் ஆமாம் என்பேன். அன்றைக்கு ஆமாம் சொல்ல முடியவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

7

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹனீபா தலைக்கட்டோடு படுத்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். ஹாஜர் புத்தகம், ஒன்பதாவது வரி, திங்கள் காலையில் நான் பூசி மெழுகியது, எல்லாம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஃப்ளாஸ்க்கை எடுத்து என் மேல் எறிந்தார். நெஞ்சில் பட்டு விழுந்து வெந்நீர் காலில் கொட்டியது. அசையாமல் நின்றேன். இன்னொன்று எறிந்திருந்தாலும் நின்றிருப்பேன்.

முகத்தை மேலே திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம எனக்கு லிஸ்ட் காட்டினே அல்லே?"

"ஆமா முதலாளி."

"அவன் பேரு ஸ்டாஃப்ல கிடக்குறதை ஞான் கண்டேன்."

கீழே கிடந்த ஃப்ளாஸ்க்கை எடுத்து நிறுத்தினேன்.

"கண்டுட்டுத்தான் செரின்னேன். ஆறு கொல்லமா, ஆறு வருஷமா, தினமும் காலைல அத்தா குரல். அத்தா அவனைத்தான் திட்டும், என்னைத் திட்டினது இல்ல. என்கிட்ட அத்தா பேசினதே குறைவு. ஒரு நாளாவது அந்த ஒச்ச நிக்கட்டும்னு தோணிச்சு. இத்தரை ஆகும்னு நினைக்கல." வீங்காத கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. "நீ சொல்லாம இருந்திருந்தா ஞானும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் சொன்னதற்கு எந்த லாகும் கிடையாது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டேஷனில் ரைட்டர் எழுதி வைத்த காகிதத்தை நீட்டினார். பழைய பகை எதுவும் இல்லை, மாற்றி எழுத வேண்டும் என்றேன். எரிந்து விழுந்தார். இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்டார், இந்த முறை கத்தி. ஆத்யம் தல்லியது ஆரா?

"நான்தான் சார்" என்று தொடங்கி எல்லாம் சொன்னேன். பட்டியலில் ஒரு பெயரை இடம் மாற்றிப் போடுவது எந்தச் சட்டப்படி அடி ஆகும் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதினார். ஹனீபாவும் ஆஸ்பத்திரியிலிருந்தே தன் பங்கைச் சொன்னார்.

கேஸ் அழிந்துவிடவில்லை. அடித்த அடி அடித்ததுதான். ஆனால் நவாஸ் ஜாமீனில் வெளியே வந்தான். மூன்று பேரும் இன்னும் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கிறோம், தனித்தனியாக.

8

என் வேலை போகவில்லை. "கை ஆறட்டும். முதல்ல அவன் பேரை மாத்து" என்றார் ஹனீபா. பிழைத்த டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டி, இடது கையால் மாற்றினேன். ஒரே ஒரு வரிதான்.

ஹனீபா ஆபீஸுக்கு வந்த முதல் நாள், தலைக்கட்டோடு நேரே ஹாஜர் புத்தகத்துக்குப் போய், நவாஸின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் வந்த நவாஸ் அதைப் பார்த்தான். பார்த்து, அந்தப் பக்கத்தைப் பறபறவென்று கிழித்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கிழித்ததைக் கசக்கினான். கீழே போடவில்லை, சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தன் மேசைக்குப் போனான். ஃபோல்டரைத் திறந்தான். கிழவர் திட்டினார். அன்றைக்கு ஹனீபா அறைக் கதவைச் சாத்தவில்லை.

இதுவரை எழுதியதை மீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளே படிக்க முயன்று நாலாவது வரியில் விட்டுவிட்டாள். நான்காம் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அப்பா, படிக்கட்டில் உருண்டோம்னு எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு வரி குறையுது அல்லே?"

குறைகிறது. அந்த வரி இது.

அண்ணன் அன்றைக்கு என் மேல் கை வைக்கவில்லை. மாடிக்கு வந்து, என் கையிலிருந்த இரண்டாவது மெஷினைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்லே, இதை வச்சிரு" என்றுதான் சொன்னான். நான் விடவில்லை. மெஷினோடு சேர்த்து அவன் தலையில் இடித்தேன். இடது காதில் பட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தான். குனிந்தவனை மறுபடி அடித்தேன், வெறும் கையால், அதே காதில். அவன் என்னைத் தள்ளியபோது உருண்டோம். படி முனை பட்டுத்தான் என் புருவம் கிழிந்தது. அவன் காதிலிருந்து வந்த ரத்தம் மாடியிலேயே நின்றுவிட்டது, தெருவுக்கு வரவில்லை. அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். எப்படிப் போயிற்று என்று அண்ணன் யாரிடமும் சொன்னதில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட, இருபத்திரண்டு வருஷமாக, யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் அடித்தது நான். தப்பு முழுக்க என்னுடையது. இதை மலரில் ஒரு எழுத்து குறைக்காமல் போடுங்கள். என் ஃபோன் நம்பர் மலர்க் குழுவிடம் இருக்கிறது. படித்துவிட்டு அண்ணன் என்னைத் திட்டவாவது கூப்பிடுவதாக இருந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். ஃபோனை வலது காதில் வைத்துக் கொடுங்கள்.